ரூம் போடுற காலம்

கோடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. ஓடைக்கு மேலே மலை. அந்த மலைச் சரிவை ஒரு ரிசார்ட்டுக்காக ஜேசிபி வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்குச் சற்றுக் கீழே, அதே மனையில், வீட்டுக்கார அக்காவின் வீடு. மழை பிடித்தால் அந்த அக்கா வீட்டை விட்டு வெளியே வருவாரா மாட்டாரா என்பதுதான் அந்த வருஷம் எனக்கிருந்த பெரிய பயம். ஆனால் எனக்குச் சம்பளம் வந்தது வேறொரு வேலைக்கு.

நான் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவள். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால், "இன்னும் வெளையாண்டுக்கிட்டுத்தான் இருக்கியா?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது பேசாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன். அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது ஊர் கட்டும் விளையாட்டு. வெறும் மலையில் நாலைந்து குடும்பங்களை வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். வயல், பாதை, சந்தை, கோயில், ரோடு என்று கட்டிக்கொண்டே காலங்களைத் தாண்டி வர வேண்டும். பெரிய பெரிய சாம்ராஜ்யங்களை வைத்து இந்த மாதிரி விளையாட்டுகளை உலகத்தில் ஏகப்பட்ட பேர் செய்துவிட்டார்கள். எங்களுடையதில் சாம்ராஜ்யம் கிடையாது. ஒரே ஒரு மலைதான்.

மொத்தம் ஐந்து காலங்கள். முதலில் கல்திட்டைக் காலம், பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிச் செத்தவர்களை வைத்த காலம். அடுத்தது பொதிமாட்டுக் காலம். உப்பும் அரிசியும் அடிவாரத்திலிருந்து மாட்டு முதுகில் ஏறி வந்தன. பிறகு பங்களாக் காலம், வெள்ளைக்காரர்கள் மலையேறி வந்து வீடு கட்டியது. அதன் பிறகு தைலமரக் காலம், புல்வெளி முழுக்கத் தைலமரத்தையும் வாட்டில் மரத்தையும் நட்டு நிரப்பியது. கடைசியாக நாம் இருக்கிற இந்தக் காலம். இதற்கு என்ன பெயர் வைப்பதென்று மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். என்னோடு வேலை பார்த்த தம்பிதான் கடைசியில் பெயர் வைத்தான்.

"ரூம் போடுற காலம்னு வைங்கக்கா. இங்க வர்றவன் எவன் மலையப் பாக்குறான்? பஸ்ஸ விட்டு எறங்குனதும் ரூம் எங்கன்னுதான கேக்குறான்."

அந்தத் தம்பிக்குக் கோடைக்கானல் பஜாரில் அவன் அத்தா நடத்தும் ஸ்வெட்டர் கடை இருந்தது. சின்ன வயதிலிருந்தே ரூம் தேடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன். புரோகிராம் எழுதுவதில் புலி, வாய் அதைவிடப் பெரிசு. நாங்கள் இரண்டு பேரும் என் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். படம் வரைகிறவர் மதுரையிலிருந்தே அனுப்புவார்.

பணம் போட்ட கம்பெனி பெங்களூரில். முதல் வடிவத்தை அனுப்பினோம், ஒரே வரியில் பதில் வந்தது: எல்லாக் காலமும் ஒரே மாதிரி இருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் சொன்னது சரி என்பதால்தான் சுருக்கென்றது. கல் கூரை போய் ஓலை வந்தது, ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய் மொட்டை மாடி வந்தது. விளையாடுகிறவன் செய்வது மட்டும் மாறவே இல்லை. மாப்பிள்ளைக்கு வேட்டியை அவிழ்த்துப் பேண்ட் போட்டுவிட்டு, இது வேறு மாப்பிள்ளை என்று சொன்ன கதைதான். உள்ளூரில் சில பேரைக் கூட்டி வந்து விளையாட விட்டோம். பங்களாக் காலம் முடிந்து வெகுநேரம் கழித்து ஒருவர் நிமிர்ந்து, "எப்ப மாறுச்சு?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து எனக்கு அதுவே பித்தாகிவிட்டது. ஒரு காலம் இன்னொரு காலத்திலிருந்து எதில் வேறுபடுகிறது? துணியிலும் கூரையிலும் இல்லை. எது தெரியும், எவ்வளவு நேரம் கழித்துத் தெரியும் என்பதில்தான் என்று எனக்குப் பட்டது. கல்திட்டைக் காலத்தில் நெருப்பு வெளிச்சம் போகும் தூரம் வரைதான் திரையில் எதுவும் தெரியாதபடி செய்தோம். பொதிமாட்டுக் காலத்தில் மலைக்குள்ளேயே போளூர் மாதிரித் தள்ளியிருக்கிற ஊரைத் தொட்டுப் பார்த்தால், அங்கிருந்து கடைசி மாடு கிளம்பிய அன்று ஊர் எப்படி இருந்ததோ அப்படித்தான் தெரியும். பயிர் பச்சையாகத் தெரியும். நிஜத்தில் அது கருகிப் போயிருக்கலாம், மாடு வந்து சேர்ந்தால்தான் உங்களுக்கு விஷயம் தெரியும். பங்களாக் காலத்தில் வரைபடம் சுத்தமாக, நேர்கோடுகளோடு இருக்கும். ஆனால் ஏற்கனவே இருந்த குடிசைகள் அதில் விட்டுப்போயிருக்கும். விளையாடுகிறவன் காலி இடம் என்று நினைத்துத் தோட்டம் போடுவான், ஆட்கள் வந்து நிற்பார்கள்.

அப்போதுதான் முதல் தடவையாக விளையாட வந்தவர்கள் தாமாகவே, "இது வேற மாதிரி இருக்கே" என்றார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி பஜாரிலிருந்து பிரியாணி வாங்கி வந்தான்.

வீட்டுக்கார அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் திருப்பூரில். அக்காவின் அப்பா அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். சொந்த நாட்டுக்குப் போங்கள் என்று அவர்களைக் கப்பலேற்றியபோது அக்கா கைப்பிள்ளையைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளை. வந்த இடத்தில் முகாம். பிறகு மலையில் மரம் வெட்டும் கூலி, தகரக் கொட்டகை. வெட்டு முடிந்ததும் அந்தக் கொட்டகையிலிருந்தும் கிளப்பிவிட்டார்கள். பூண்டு போட்டு, பூ விற்று, சீட்டுப் பிடித்து அக்கா இந்த மனையை வாங்கினார். அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்ததும் அவர்தான், மேலே எனக்கு வாடகைக்கு விட்ட வீட்டைக் கட்டியதும் அவர்தான்.

"என்னய ரெண்டு தடவ கெளப்பிட்டாங்க தங்கச்சி. இனி எங்கயும் போக ஏலாது," என்பார். இதைச் சோகமாகவெல்லாம் சொல்லமாட்டார். கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொல்வார்.

ஒருநாள் ப்ளம்ஸ் கொடுக்க மேலே வந்தவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். காலம் மாறுகிற கட்டம். பழைய வீடுகளில் இருந்த குட்டிக் குட்டி மனிதர்கள் வரிசையாக இறங்கிப் புது வீடுகளுக்கு நடந்தார்கள்.

"எங்க போறாங்க இவுங்க?"

"அடுத்த காலம் வந்துருச்சுல்லக்கா. புது வீட்டுக்குப் போறாங்க," என்றான் தம்பி.

"அவுங்களக் கேட்டீங்களா?"

தம்பி சிரித்தான். "பட்டன அமுக்குனா போயிருவாங்கக்கா. விளையாட்டு அப்படித்தான்."

"எங்களையும் எவனோ அப்படித்தான் அமுக்கியிருக்கான்," என்று சொல்லிவிட்டு ப்ளம்ஸ் பையை என் மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு எரிச்சல். விளையாட்டென்றால் பட்டன் இருக்கத்தான் செய்யும், இதற்கெல்லாம் ஒருத்தர் கோபித்துக்கொண்டால் நான் எங்கே போவது என்று மனதுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வரிசை அதன் பிறகு என் கண்ணை உறுத்தியது. சில குடும்பங்கள் போக மறுத்தால் என்ன ஆகும் என்று செய்து பார்ப்போம் என்றேன். தம்பி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் வைத்தான். அதற்குப் 'பிடிவாதம்' என்று பெயர். அந்த எண் அதிகமுள்ளவர்கள் காலம் மாறினாலும் நகரமாட்டார்கள். பங்களாக்களுக்கு நடுவில் ஓர் ஓலை வீடு புகைந்துகொண்டிருக்கும். ஹோட்டல்களுக்கு நடுவில் ஓர் ஓட்டு வீட்டில் விளக்கு எரியும். பார்த்தவுடனே காலம் மாறியது தெரிந்தது. மாறாமல் ஒன்று நின்றால்தான் மற்றது மாறியது கண்ணில் படுகிறது. கம்பெனிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

எனக்கு அதிலேதான் சிக்கல் ஆரம்பித்தது. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு முடிவு வைத்திருந்தோம். பொதிமாட்டுக் காலத்துக்கு அடிவாரத்துக் காய்ச்சல், தைலமரக் காலத்துக்கு வறண்ட ஊற்று. எங்கள் காலத்துக்கு மண் சரிவு. பழைய வீடுகள் தண்ணீரை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், கடைசிக் காலத்தில் பிடிவாதக்காரர்களின் வீடுகள் எல்லாம் ஓடைக் கரையில் இருந்தன. சோதனைக்காக அந்த முடிவை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தோம். ஒரு தடவைகூட அந்த வீடுகள் தப்பவில்லை.

"கணக்கு அப்படித்தான்க்கா வருது," என்றான் தம்பி.

அக்கா ஒருமுறை அதையும் பார்த்துவிட்டார். திரையில் மண் இறங்கி ஓர் ஓட்டு வீட்டை மூடியது. "அது யாரு வீடு?" என்றார். "சும்மா ஒரு வீடுக்கா," என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. "கரெக்டா என் வீடு மாதிரியே ஓட்டுக்கு மேல தகரம் போட்ருக்கீங்க," என்றார். படம் வரைகிறவருக்கு நான் மாதிரிக்கு அனுப்பிய போட்டோ அந்த வீட்டுடையதுதான்.

இதற்குள் மேலே ஜேசிபி மலையைப் பாதி தூரம் செங்குத்தாகச் சீவி நிறுத்தியிருந்தது. வெட்டுக்கு மேலே மண்ணில் ஒரு விரிசல் ஓடியது. முதலில் குடையை நுழைக்கிற அகலம். பிறகு காட்டுமாடு ஒன்று அதைத் தாண்டாமல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை நானே பார்த்தேன். ஊருக்குள் குப்பைத்தொட்டி வரைக்கும் வருகிற மாடு அது, எதற்கும் பயப்படாது. சரிவில் நின்ற வாட்டில் மரங்கள் ஓடைப் பக்கமாகச் சாய ஆரம்பித்தன. வருவாய்த் துறை ஆட்கள் வந்து பார்த்தார்கள். மழை முடிகிற வரை பள்ளிக்கூடத்தில் வந்து தங்குங்கள், சாப்பாடு தருகிறோம் என்று அக்காவிடம் சொன்னார்கள். என்னிடமும் சொன்னார்கள். நான் வாடகைக்காரி, எனக்கென்ன, பையைத் தூக்கினால் போயிற்று. அக்கா அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். வாசல் வரை போய் வழியனுப்பினார். அவ்வளவுதான்.

"பள்ளிக்கூடம்னா சும்மாவா தங்கச்சி? முகாம்னா எனக்குத் தெரியாதா? தட்டத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கணும். பொறகு திரும்பி வந்தா வீட்டுல வேற எவனாவது பூட்டு மாட்டியிருப்பான்," என்றார். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கத்தியும்விட்டேன். அவர் பூண்டு உரிப்பதை நிறுத்தவே இல்லை. நானும் போகவில்லை. அவரை அங்கே தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

விளையாட்டில் கடைசிக் காலத்தின் முடிவுக்கு ஓர் அறிகுறி தேவைப்பட்டது. எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. எந்த அழிவும் சொல்லாமல் வரக்கூடாது, சொன்னால்தான் விளையாட்டு நியாயமாக இருக்கும். அதே நேரம், அந்தந்தக் காலத்து ஆள் எதைக் கவனிக்க மறந்துபோனானோ அதுதான் அறிகுறியாக இருக்க வேண்டும். பொதிமாட்டுக் காலத்தில் திரும்பி வரும் மாடுகளின் மணிச்சத்தம் குறையும். நம் காலத்துக்கு எது? மண் சரிவுகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது ஒன்று கிடைத்தது. மேலே மண் நகர்ந்து ஓடையை அடைத்துவிட்டால், மழைக்காலத்திலேயே ஓடை திடீரென்று நின்றுபோகும். அடைத்த தண்ணீர் பிறகு மண்ணையும் சேர்த்துக்கொண்டு மொத்தமாக வரும். இதுதான் என்றேன். கடைசிக் காலம் முழுக்கப் பின்னணியில் ஓடைச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். சரிவுக்கு முன்னால் அது நிற்கும். வேறு எந்த எச்சரிக்கையும் வராது.

"நின்னா எவனுக்குக்கா தெரியும்?" என்றான் தம்பி. "சத்தம் வந்தா திரும்பிப் பாப்பான். இல்லாதத எப்படிக் கேப்பான்?"

அவன் சொன்னபடியேதான் நடந்தது. விளையாட வந்தவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரியவில்லை. ஊரைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள், ஓடை நின்ற பிறகும் ரூம் கட்டிக்கொண்டே இருந்தார்கள். சத்தத்தை எப்படி மனதில் பதிய வைத்துப் பிறகு நிறுத்துவது என்பதே எங்கள் வேலையாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையையே நல்ல மைக் வைத்துப் பதிவு செய்திருந்தேன். அதைப் பெரிய ஸ்பீக்கர் இரண்டில் போட்டு, காலையில் வேலைக்கு உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கும் வரை ஓட விட்டோம். காது பழக வேண்டும், பழகிய பிறகுதான் நிறுத்திப் பார்க்க முடியும். வாரக்கணக்கில் அப்படியே ஓடியது.

அக்காவுக்கு அது வேடிக்கை. "வெளிய ஒண்ணு ஓடுது, உள்ள ஒண்ணு ஓடுது. எது நெசம் எது டூப்புன்னு எனக்கே தெரியல. கரண்ட் பில்லு நீதான் கட்டணும் தங்கச்சி," என்று வாசலில் நின்று கிண்டலடிப்பார்.

ஐப்பசி மழை நாள்கணக்கில் பெய்துகொண்டிருந்தது. அன்று மத்தியானத்துக்கு மேல் சற்று விட்டது. மேகம் கீழே இறங்கி வாசல் வரைக்கும் வந்து நின்றது. பின்னறையில் நானும் தம்பியும் வேலையில் இருந்தோம், ஸ்பீக்கரில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. டீ போடலாமா என்று நான் எழுந்தபோது கரண்ட் போயிற்று.

கோடைக்கானலில் மழைக்குக் கரண்ட் போவது புதிதில்லை. ஸ்பீக்கர் நின்றால் அடுத்த நொடி வெளியே ஓடுகிற ஓடையின் சத்தம் உள்ளே வரும். மழை நாளில் இன்னும் பலமாக வரும். அன்று எதுவும் வரவில்லை. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தம்பி மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்த விளையாட்டை எட்டிப் பார்த்தான். விளையாட்டில்தான் ஓடை நிற்கும் கட்டம் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறான். நானும் அப்படித்தான் ஒரு கணம் நினைத்தேன், பரவாயில்லையே, நன்றாகத்தான் வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன். திரையில் அந்தக் கட்டம் வரவில்லை. தம்பியின் முகம் மாறியது.

"அக்கா, ஓடை?"

பின்கதவைத் திறந்தேன். ஓடையில் கற்கள்தான் கிடந்தன. கற்களுக்கு நடுவில் சேறு, அங்கங்கே தேங்கிய கலங்கல். அத்தனை நாள் மழையில் கரைபுரண்டு ஓட வேண்டிய ஓடை. எப்போது நின்றது? இப்போதா, மத்தியானமா, காலையிலேயேவா? எங்களுக்குத் தெரியாது. ஊரிலேயே அந்தச் சத்தத்தை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், எங்களுக்குத்தான் தெரியவில்லை. தம்பிதான் என் கையைப் பிடித்து இழுத்தான்.

அக்கா அடுப்படியில் இருந்தார். "ஓடை நின்னுருச்சுக்கா, வெளிய வாங்க," என்று நான் அலறினேன்.

"என்ன பேசுற? காலையிலேருந்து கேட்டுக்கிட்டுத்தான கெடக்கு. மழைக்கு நல்லா ஓடுதுன்னு நெனச்சேன்."

"அது எங்க ஸ்பீக்கர்க்கா!"

கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வாழ்நாள் முழுக்க மலையில் இருந்தவர். எங்கள் ஸ்பீக்கர் இல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்கு முன்னால் அவர் கேட்டிருப்பார். ஆனாலும் நம்பவில்லை. நீங்கள் பார்க்கத் தெரியாமல் பார்த்திருப்பீர்கள் என்று திட்டிக்கொண்டே, எங்களுக்குக் காட்டிக்கொடுப்பதற்காகத்தான் வெளியே வந்தார். ஓடையிலிருந்து அவர் வீட்டுத் தொட்டிக்கு வருகிற குழாய் காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் திரும்பி வீட்டுக்குள் போகப் பார்த்தார். தம்பி குறுக்கே விழுந்து அவர் கையைப் பிடித்தான்.

"விடுடா! என் வீடுடா! விடுங்கிறேன்ல!"

அவன் விடவில்லை. அவர் அடித்தார், கடிக்கக்கூடச் செய்தார். இரண்டு பேருமாக அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினோம். அப்படி ஒருத்தரை அவர் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போவதற்கு எனக்கு நெஞ்சு வலித்தது. வளைவு வரைக்கும் வந்திருப்போம். பின்னால் மரங்கள் முறிகிற சத்தம் வந்தது, அதன் பிறகு தரையே உறுமியது. மேகத்துக்குள் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. சத்தம் அடங்கியும் வெகுநேரம் கற்கள் உருண்டுகொண்டிருந்தன. அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேகம் விலகியதும் பார்த்தோம். மண் என் வீட்டின் பின்பாதியை எடுத்துக்கொண்டு போயிருந்தது. நாங்கள் வேலை பார்த்த அறை இருந்த இடத்தில் சிமெண்ட் தளம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஓடைப் பக்கமாகத் திரும்பி இறங்கிய சேறு, அக்காவின் துணி துவைக்கிற கல் வரை வந்து நின்றுவிட்டது. அவர் வீட்டில் ஓர் ஓடுகூட நகரவில்லை.

எங்களுக்கு அது ஆச்சரியம். அக்காவுக்கு அது தீர்ப்பு.

பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு ராத்திரி இருந்தார். மறுநாள் வெள்ளெனவே எழுந்து, யாரிடமும் சொல்லாமல் நடந்து தன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது துவைக்கிற கல்லிலிருந்து சேற்றை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"உன் வெளையாட்டுல என் வீட்டத்தான எடுத்துச்சு? இப்ப பாத்தியா, உன் வீட்டத்தான் எடுத்துச்சு," என்று சிரித்தார். "வர வேண்டியது வந்துட்டுப் போயிருச்சு தங்கச்சி. இனி ஒண்ணும் இல்ல."

வந்தது பாதிதான். வருவாய்த் துறை ஆட்கள் மறுபடி வந்து அளந்து பார்த்துவிட்டு, விரிசலின் மேல்பாதி அப்படியே நிற்கிறது, அடுத்த பெருமழைக்கு அதுவும் இறங்கும், இறங்கினால் நேராக உங்கள் வீட்டு மேல்தான் என்று சொன்னார்கள். நான் கூடவே நின்றேன், என் காதாலேயே கேட்டேன். அக்கா அவர்களுக்கும் காபி போட்டுக் கொடுத்தார். விளையாடிப் பார்க்க வந்தவர்களிடமும் நான் இதைப் பார்த்திருக்கிறேன். ஓர் அழிவில் தப்பிவிட்டால் அடுத்த அழிவு நமக்கில்லை என்று நினைத்து அதே இடத்தில் இன்னும் பெரிதாகக் கட்டுவார்கள். அப்போது அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

நான் பஜாரில் தம்பியின் அத்தா கடைக்கு மேலே ஓர் அறைக்குக் குடிமாறினேன். விளையாட்டை அங்கே உட்கார்ந்து முடித்தோம். கம்பெனி பாராட்டி எழுதியது, ஒவ்வொரு காலமும் தனித்தனியாக நிற்கிறது, கடைசிக் காலம்தான் ரொம்பப் பயமாக இருக்கிறது என்று. தம்பி அதைச் சத்தமாக வாசித்துவிட்டு மடிக்கணினியை மூடினான். இரண்டு பேருக்கும் பிரியாணி வாங்கத் தோன்றவில்லை.

மழை மாதங்கள் முழுக்க, மேகம் கறுத்தாலே அக்காவுக்குப் போன் போடுவேன். "இருக்கேன், இருக்கேன்," என்று எடுத்தவுடன் சொல்வார். அந்த வருஷம் அதற்குமேல் பெருமழை வரவில்லை. மேலே ரிசார்ட்காரர்கள் ஒரு சுவர் வைத்தார்கள், வேலை மறுபடி ஆரம்பித்தது. கோடை வந்தது, சீசன் ஆரம்பித்தது, ரோடெல்லாம் கார். ஒருநாள் மத்தியானம் அக்காவே போன் பண்ணி, ஒரு எட்டு வந்துட்டுப் போ தங்கச்சி, உனக்கு ஒண்ணு காட்டணும் என்றார்.

போனேன். கேட்டில் 'ரூம் கிடைக்கும்' என்று புதுப் போர்டு. நான் இருந்த வீட்டில் மிஞ்சிய முன்பாதிக்கு இளம்பச்சை பெயிண்ட், முன்னறையில் இரட்டைக் கட்டில், புதுக் கம்பளி. என் அறை இருந்த சிமெண்ட் தளத்தைக் கழுவித் துடைத்து, ஓரத்தில் ஒரு கம்பிகூட இல்லாமல், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார். சரிவு மரங்களையெல்லாம் வழித்துக்கொண்டு போனதில் அந்தப் பக்கம் வெட்டவெளியாகியிருந்தது. நான் அங்கே இருந்த வருஷங்களில் ஒருநாள்கூடப் பார்க்காத காட்சி. பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது, அதற்கப்பால் பழனிப் பக்கத்துச் சமவெளி வெயிலில் கிடந்தது.

"வேலி வியூவு," என்றார் அக்கா, பள்ளத்தாக்கைக் காட்டி. "இந்த ரோட்டுல வேற எந்த வீட்டுக்கும் கெடையாது."

சமவெளியிலிருந்து வந்த ஒரு குடும்பம் தளத்தில் நின்றிருந்தது. கணவன், மனைவி, மூன்று நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. எல்லாரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுங்கள் என்று மனைவி போனை என்னிடம் நீட்டினார். அக்காவையும் கையைப் பிடித்து நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். மேலே சீவி விட்ட செம்மண் சரிவும் படத்தில் வந்தால் நன்றாக இருக்கும் என்று கணவர் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். "பின்னாடி போகாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை அழுதுவிட்டது. அக்கா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அவுங்க அப்படித்தான், பயந்த சுபாவம்," என்று சிரித்துவிட்டுத் தானும் பின்னால் நகர்ந்து நின்றார். எடுத்துக் கொடுத்தேன்.

அவர்கள் உள்ளே போன பிறகு அக்கா எனக்கு டீ கொண்டு வந்தார். நான் மெதுவாக ஆரம்பித்தேன். சீசனோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அக்கா, மழைக்கு மட்டும் பூட்டிப் போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடுங்கள், உங்களுக்காகக் கேட்கவில்லை, வருகிறவர்கள் பிள்ளைகுட்டியோடு வருவார்கள் என்றேன்.

"போ தங்கச்சி, மழைக்குத்தான கேட்டு நிக்கிறாங்க. மேகம் ரூமுக்குள்ள வரணுமாம்," என்றார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து என்னிடம் காட்டினார். "ஐப்பசி பூராவும் ஃபுல்லு."